முக்கொம்பு முதல் பழையாறு வரை... கொள்ளிடத்துக்கு அடியில் ஓடும் இன்னொரு ஆறு!

திருச்சியில் விடுமுறை நாள் என்றால் குடும்பத்தோடு கிளம்பும் இடங்களில் முக்கொம்பு முதல் வரிசையில் இருக்கும். கரூர் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர். பூங்கா, ஊஞ்சல், சறுக்குமரம், வறுத்த மீன் வாசனை, எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வரை அகண்ட காவிரி. இங்கேதான் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம்.

மதகுகளின் மேல் நின்று செல்ஃபி எடுப்பவர்கள் பார்ப்பது தண்ணீரை மட்டும்தான். அந்தத் தண்ணீருக்கு அடியில் இன்னொன்றும் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அது மணல். இந்த ஊரின் அணை, பாலம், குடிநீர் எல்லாமே அந்த மணல் எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்பதைப் பொறுத்தவை. கொள்ளிடத்தின் கரையோடு கடல் வரை ஒரு பயணம் போனால், அந்த மறைந்த ஆற்றின் கதையையும் பார்த்துவிடலாம்.

காட்டன் கட்டிய அணையும் ஆறு சொன்ன பதிலும்

இந்தக் கதை 19-ம் நூற்றாண்டில் தொடங்குகிறது. கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வு, சரிவும் அதிகம். தண்ணீர் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். அதனால் வந்த தண்ணீரில் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கி, யாருக்கும் பயன்படாமல் கடலுக்குப் போனது. காவிரியில் தண்ணீர் குறையக் குறைய வேகமும் குறைந்தது. வேகம் குறைந்த இடத்தில் மணல் தங்கியது, படுகை மேலும் உயர்ந்தது, தண்ணீர் மேலும் குறைந்தது. இப்படியே விட்டால் தஞ்சை வயல்கள் காய்ந்துபோகும் நிலை.

இதைத் தடுக்க, ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் தலைப்பில் ஓர் அணையைக் கட்டினார். அதுதான் மேலணை. கொள்ளிடத்துக்குத் தடை விழுந்ததும் காவிரியில் தண்ணீர் பெருகியது. விவசாயிகளுக்கு மகிழ்ச்சி.

ஆனால், ஆறு சும்மா இருக்கவில்லை. கூடுதலாக வந்த தண்ணீர் காவிரியின் படுகையைத் தோண்டத் தொடங்கியது. முன்பு மேடாகிக்கொண்டிருந்த ஆறு இப்போது பள்ளமானது. பயந்துபோன பொறியாளர்கள் 1840-களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பைக் கட்ட வேண்டியிருந்தது. ஒரு பக்கம் கை வைத்தால் இன்னொரு பக்கம் ஆறு பதில் சொல்லும் என்பதை அன்றைக்கே முக்கொம்பு காட்டிவிட்டது.

மணலுக்கும் ஒரு பாஸ்புக்

ஆறு ஏன் சில இடங்களில் தோண்டுகிறது, சில இடங்களில் கொட்டுகிறது? வங்கிக் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும்.

ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எவ்வளவு மணல் வருகிறதோ அது வரவு. கீழே எவ்வளவு போகிறதோ அது செலவு. வரவு அதிகம் என்றால் படுகை உயரும். செலவு அதிகம் என்றால் படுகை தாழும். இரண்டும் சமம் என்றால் படுகை அதே மட்டத்தில் நிற்கும். நிற்கும் என்றால் மணல் நகரவில்லை என்று அர்த்தம் கிடையாது. போன மணலுக்குப் பதில் வேறு மணல் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆஸ்திரிய விஞ்ஞானி ஃபெலிக்ஸ் எக்ஸ்னர் 1920-களில் கணிதமாக எழுதிவைத்த இந்த வரவு செலவுதான் இன்றைக்கும் எல்லா ஆற்று மாதிரிகளுக்கும் அடிப்படை.

1955-ல் அமெரிக்கப் பொறியாளர் எமரி லேன் இதையே ஒரு தராசாகச் சொன்னார். ஒரு தட்டில் தண்ணீரின் அளவும் ஆற்றின் சரிவும். மறு தட்டில் மணலின் அளவும் அதன் பருமனும். மணலை எடுத்துவிட்டால் தராசு தண்ணீர் பக்கம் சாயும். அதைச் சமன் செய்ய, ஆறு தன் படுகையையே அரித்து மணலை எடுத்துக்கொள்ளும்.

இந்த ஆராய்ச்சியில் பலரும் அறிந்த ஒரு குடும்பப் பெயரும் உண்டு. ஆல்பர்ட் ஐன்ஸ்டீனின் மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். ஆற்றின் அடியில் மணல் எப்படி நகர்கிறது என்பதுதான் 1936-ல் சூரிச் நகரில் அவர் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வின் பொருள். பின்னர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஒரு மணல்துகள் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒரு தாவு தாவும், நிற்கும், நெடுநேரம் ஓய்வெடுக்கும், மறுபடி தாவும். எப்போது தாவும் என்று ஒவ்வொரு துகளுக்கும் சொல்ல முடியாது. ஆனால் கோடிக்கணக்கான துகள்களுக்குச் சேர்த்து, நிகழ்தகவு முறையில் கணக்குப் போட முடியும் என்று காட்டியவர் அவர்.

2018, ஆகஸ்ட் 22 இரவு

மீண்டும் முக்கொம்புக்கே வருவோம். 2018 ஜூலையில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. ஆகஸ்ட் மாதம் கர்நாடகத்திலும் கேரளத்திலும் கொட்டிய மழையால், மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட்டது. லிட்டரில் சொன்னால், ஒவ்வொரு விநாடியும் சுமார் 56 லட்சம் லிட்டர். அதில் பெரும்பகுதி கொள்ளிடத்தில்தான் திருப்பிவிடப்பட்டது.

வெள்ளம் உச்சத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்த நேரம். 22-ம் தேதி இரவு, கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் ஷட்டரோடு சரிந்து ஆற்றோடு போயின. ஏறக்குறைய 180 ஆண்டுகள் நின்ற அணை அது. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் கொட்டி உடைப்பைத் தற்காலிகமாக அடைக்கும் வேலை நாள்கணக்கில் நடந்தது. பிறகு பழைய அணைக்குச் சற்றுக் கீழே, ரூபாய் 387 கோடிக்கு மேல் மதிப்பீட்டில் புதிய கதவணை கட்டப்பட்டது.

உடைந்தது ஏன்? அணையின் வயதுதான் காரணம், மணல் அள்ளியது காரணமல்ல என்றது அன்றைய அரசுத் தரப்பு. ஆற்றுப் படுகையில் அளவுக்கு மீறி மணல் எடுத்ததே காரணம் என்றார்கள் விவசாயிகளும் சூழலியல் ஆர்வலர்களும். அந்த வாதம் எப்படி இருந்தாலும், மணல் மேல் நிற்கும் எந்த அணைக்கும் பொதுவான ஒரு ஆபத்து உண்டு.

அணைக்கு மேலே தண்ணீர் உயரமாக நிற்கிறது. கீழே தாழ்வாக இருக்கிறது. இந்த உயர வித்தியாசத்தால், அணைக்கு அடியில் இருக்கும் மணல் வழியாகவும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அணையைக் கட்டும்போதே அந்தக் கசிவைத் தாங்கும்படிதான் தளத்தின் நீளத்தைக் கணக்கிடுவார்கள். ஆனால் கீழ்ப்பக்கப் படுகை வருடா வருடம் தாழ்ந்தால் உயர வித்தியாசம் கூடும். கசிவின் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் தண்ணீர் வெளியேறும் இடத்தில் மணல் கொதிப்பதுபோல் குமிழியிட்டு வெளியே வரத் தொடங்கும். மேலே கட்டடம் உறுதியாகத் தெரியும். அடியில் வெற்றிடம் வளர்ந்துகொண்டிருக்கும். கங்கையில் நரோரா அணை 1898-ல் உடைந்ததிலிருந்தே இந்தியப் பொறியாளர்கள் இந்த ஆபத்தைக் கணக்கில் எடுத்துப் பாடுபட்டு வருகிறார்கள்.

தூணைச் சுற்றி ஒரு பள்ளம்

முக்கொம்பிலிருந்து கிழக்கே வந்தால் திருவானைக்காவலையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைக்கும் கொள்ளிடம் பாலம். இங்கே 1928-ல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலம் இருந்தது. பக்கத்தில் புதிய பாலம் 2016-ல் திறக்கப்பட்டதும் பழையதில் வாகனங்கள் நிறுத்தப்பட்டு, நடைப்பயிற்சி போகிறவர்களுக்கானதாக மாறியது. முக்கொம்பு உடைவதற்குச் சில நாள்கள் முன்பு, அதே 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அந்தப் பாலத்தின் தூண்கள் உள்வாங்கி, ஒரு பகுதி ஆற்றில் விழுந்தது. பின்னர் பாலம் முழுவதுமாக அகற்றப்பட்டது.

பாலத் தூணில் வெள்ளம் மோதும்போது என்ன நடக்கிறது? முன்பக்கம் மோதிய தண்ணீர் கீழ்நோக்கி இறங்கி, தூணின் காலடியில் குதிரை லாடம்போல் சுழலும். அந்தச் சுழல் மணலைக் கிளப்பி எடுத்துப் போகும். வெள்ளம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பள்ளம் மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் இறங்கும்போது மேலிருந்து வரும் மணல் அதே பள்ளத்தை மூடிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சமதளமாக, பத்திரமாகத் தெரியும். அந்த மணல் இறுகாத புது மணல் என்பது பார்வைக்குத் தெரியாது.

அதனால்தான் வெள்ளத்தில் படுகை எவ்வளவு ஆழம் வரை அரிக்கும் என்று முதலிலேயே கணக்கிட்டு, அதற்கும் கீழே அஸ்திவாரத்தை இறக்குகிறார்கள். ஆனால் கட்டிய பிறகு மொத்தப் படுகையுமே சில அடி தாழ்ந்துவிட்டால்? அந்தக் கணக்கு வேறு ஆற்றுக்குப் போட்டதாகிவிடும். 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில், இந்தப் புதிய பாலத்தின் தூண்களைக் காப்பதற்காகக் கட்டிய தடுப்புச் சுவரின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. ஆற்றுக்குள் நின்ற உயர் மின்னழுத்தக் கோபுரமும் சாய்ந்தது.

பசித்த தண்ணீர்

படுகை தாழ்வதற்கு இரண்டு பெரிய காரணங்கள் உண்டு. முதலாவது, மேலே இருக்கும் அணைகள். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு, மேலிருந்து உருண்டு வரும் மணல் நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. பவானிசாகர், அமராவதி அணைகளும் துணை ஆறுகளின் மணலை நிறுத்திக்கொள்கின்றன. மதகு வழியாக வெளியே வருவது பெரும்பாலும் மணலில்லாத தண்ணீர். அமெரிக்க ஆய்வாளர் மத்தியாஸ் கோன்டால்ஃப் 1997-ல் இதற்குப் ‘பசித்த தண்ணீர்’ என்று பெயர் வைத்தார். சுமந்து வரும் பலம் இருக்கிறது, சுமக்க மணல் இல்லை. அதனால் போகும் வழியில் கிடைக்கும் படுகையையும் கரையையும் தின்றுகொண்டே போகும்.

இரண்டாவது, மணல் அள்ளுவது. ஆற்றில் ஒரு குழி தோண்டினால் அந்தக் குழி அங்கேயே இருந்துவிடாது. குழியின் மேல் விளிம்பில் தண்ணீர் அருவிபோல் விழுவதால் அந்த விளிம்பு கரைந்து, பள்ளம் மேல்நோக்கி நகரும். வந்த மணலெல்லாம் குழியில் விழுந்துவிடுவதால், குழிக்குக் கீழே மறுபடியும் பசித்த தண்ணீர்தான் போகும். அதனால் ஒரு குழியின் பாதிப்பு இரண்டு பக்கமும் பரவும். லாரி போய் வருடங்களான பின்னும் அந்தப் பள்ளம் பயணம் செய்துகொண்டிருக்கும்.

கணினிக்குள் ஓர் ஆறு

இதையெல்லாம் முன்கூட்டியே கணிக்க முடியாதா? ஓரளவு முடியும். அதற்கு இரண்டு வழிகள்.

முதல் வழி, ஆற்றையே சுருக்கிக் கட்டிப் பார்ப்பது. திருவள்ளூர் மாவட்டம் பூண்டி ஏரிக்கரையில் தமிழ்நாடு அரசின் நீரியல் ஆய்வு நிலையம் 1940-களிலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. அணை, மதகு, ஆற்று வளைவு எல்லாவற்றையும் சின்ன அளவில் கட்டி, தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள். இதில் பெரிய சிக்கல் மணல்தான். ஆற்றை நூறில் ஒரு பங்காகச் சுருக்கலாம். மணலையும் அப்படிச் சுருக்கினால் அது மாவாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மணல்போல் உருளாது. அதனால் உலகம் முழுக்க இப்படிப்பட்ட மாதிரிகளில் நிலக்கரித் தூள், வால்நட் ஓட்டுத் தூள் போன்ற எடை குறைந்த பொருள்களை மணலுக்குப் பதிலாகப் பயன்படுத்துவதுண்டு.

இரண்டாவது வழி, கணினி. ஆற்றைக் குறுக்கே பல இடங்களில் வெட்டிப் பார்த்ததுபோல் அளந்து, ஒவ்வொரு இடத்திலும் அகலம், ஆழம், மணலின் பருமன் என்ன என்று பதிவு செய்கிறார்கள். பிறகு ஒரு வெள்ளத்தைக் கணினிக்குள் ஓட விடுகிறார்கள். முதலில் தண்ணீரின் மட்டமும் வேகமும் கணக்கிடப்படும். அந்த வேகத்தில் எவ்வளவு மணல் நகரும் என்பது அடுத்து. வரவு செலவு போட்டுப் படுகையை ஏற்றியோ இறக்கியோ மாற்றிவிட்டு, மாறிய படுகையில் மறுபடி தண்ணீரை விடுவார்கள். இப்படி நிமிடம் நிமிடமாக, பல வருடங்களுக்கு ஓட்டிப் பார்க்கலாம். அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு உருவாக்கிய ஹெச்.இ.சி-ராஸ் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கூட லேப்டாப்பில் ஓட்டலாம்.

மென்பொருள் இலவசம். ஆற்றை அளப்பதுதான் உழைப்பு. வேகம் இரண்டு மடங்கானால் அடியில் நகரும் மணல் சுமார் எட்டு மடங்காகலாம். வேகத்தில் சின்னப் பிழை இருந்தாலே மணல் கணக்கு எங்கேயோ போய்விடும். மணல் கணக்கு நிஜ அளவில் பாதிக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் வந்தாலே நல்ல கணிப்பு என்பது இந்தத் துறையின் வழக்கம். அதனால் முன்பு வந்த ஒரு வெள்ளத்தை மாதிரிக்குள் ஓட்டி, அன்று நிஜமாகவே எங்கே அரித்தது என்பதோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்ட பிறகே வருங்காலத்தைக் கேட்பார்கள். ‘இந்தத் தூணடியில் சரியாக எத்தனை அங்குலம்?’ என்ற கேள்விக்கு மாதிரி திணறும். ‘இங்கே மணல் எடுத்தால் பாலத்துக்கு நல்லதா, கெட்டதா?’ என்ற கேள்விக்கு நம்பிக்கையோடு பதில் சொல்லும்.

கல்லணை கற்றுக்கொடுத்த பாடம்

மென்பொருள் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மணலைப் புரிந்துகொண்டவர்களின் வேலையைப் பார்க்க, திருச்சியிலிருந்து கிழக்கே இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். தீவைச் சுற்றிவந்த இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்கும் இடம் அது. அங்கே காவிரி கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் தடுத்து நிற்கிறது கல்லணை. கரிகாலன் கட்டியது என்பது மரபு.

இங்கே பாறை எட்டாத ஆழத்தில் இருக்கிறது, கீழே எல்லாம் மணல். மணலை எதிர்த்துப் போராடாமல் அதன் குணத்தையே பயன்படுத்தினார்கள். ஓடும் தண்ணீரில் பெரிய கல்லைப் போட்டால், அதைச் சுற்றியுள்ள மணல் அரிக்கும், கல் உள்ளே புதையும். அதன் மேல் இன்னொரு கல். அதுவும் புதையும். இனி புதையாது என்ற மட்டம் வந்த பிறகு மேலே கட்டுவது. பாலத் தூணைச் சாய்க்கும் அதே அரிப்புதான் இங்கே அஸ்திவாரத்தை இறக்கிக் கொடுத்தது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த மண்ணின் மக்களிடமிருந்தே தாங்கள் கற்றுக்கொண்டதாகக் காட்டனே எழுதிவைத்திருக்கிறார்.

கடல் ஏறி வரும் இடம்

கல்லணையைத் தாண்டிய கொள்ளிடம், காட்டன் கட்டிய இன்னொரு அணையான அணைக்கரை கீழணையைக் கடந்து, பழையாறு மீன்பிடித் துறைமுகம் அருகே கடலில் சேர்கிறது. மணல் கணக்கின் கடைசிப் பக்கம் இங்கேதான் இருக்கிறது.

படுகை உயரமாக இருந்து, நல்ல தண்ணீரும் ஓடினால் கடல்நீர் உள்ளே வர முடியாது. படுகை தாழ்ந்து, ஓட்டமும் நின்றால் கடல் ஆற்றுக்குள் ஏறி வரும். கரையோரக் கிராமங்களில் அடிபம்பில் உப்புத் தண்ணீர் வருவதும், வயல் உவர்ப்பதும் அதன் விளைவு.

மேலே திருச்சியிலும் இதே கதை வேறு வடிவில் உண்டு. நகரத்தின் குடிநீர் ஆற்று மணலுக்குள் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் வருகிறது. மணல் தண்ணீரைச் சேமிக்கிறது, வடிகட்டவும் செய்கிறது. மணல் அடுக்கு மெலிந்தால் கிணறும் மெலியும். பாலம் உடைந்தால் செய்தியாகும். கிணறு மெல்ல வற்றினால் குடத்தோடு நிற்கும் வீட்டுப் பெண்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்த முறை போகும்போது...

கொள்ளிடம் கரைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், தண்ணீர் குறைவாக இருக்கும் நாளில் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்.

ஒன்று, பாலத் தூண்களின் அடி. தூணுக்குக் கீழே பெரிய வட்டக் கிணறுபோல் கான்கிரீட் தெரிந்தால், அதுதான் அஸ்திவாரம். கட்டும்போது மணலுக்குள் மூடியிருந்த அது வெளியே தெரியும் அளவுக்குப் படுகை இறங்கியிருக்கலாம். அங்கே பிள்ளைகளைக் குளிக்க விடக் கூடாது. சமமாகத் தெரியும் மணலுக்குப் பக்கத்திலேயே ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும்.

இரண்டு, அணைக்குக் கீழே போட்டிருக்கும் கான்கிரீட் தளமும் பாறைகளும். தளம் முடியும் இடத்தில் படுகை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மூன்று, வாய்க்கால் தலைப்புகள். ஆற்றைவிட வாய்க்கால் உயரத்தில் தொங்கினால், அந்த ஊர் வயலுக்குத் தண்ணீர் ஏறுவது கஷ்டம்.

தமிழ்நாட்டில் மணல் குவாரிகளை 2003-ல் அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. மத்திய அரசு 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் படுகையை அளந்து, எவ்வளவு மணல் புதிதாக வந்தது என்று கண்டறிய வேண்டும் என்கிறது. வந்ததற்கு மேல் எடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். வரவைத் தாண்டிச் செலவு செய்யக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லும் அதே பாடம்.

அந்த அளவீடு உண்மையாக நடந்து, ஒவ்வொரு ஊருக்கும் எண்ணாக வெளியே வந்தால், கொள்ளிடத்தின் அடுத்த தூண் எங்கே ஆடப்போகிறது என்பதை அடுத்த வெள்ளம் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உள்ளூர் கிராம சபையில் எழுந்து நின்று, “நம்ம ஊர் ஆத்துல இந்த வருஷம் மணல் எவ்வளவு வந்துச்சு? எவ்வளவு போச்சு?” என்று எவரும் கேட்கலாம். ஓர் அணையையும் ஒரு பாலத்தையும் ஒரே மாதத்தில் ஆற்றுக்குக் கொடுத்த ஊருக்கு, அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை நிறையவே இருக்கிறது.